கையை விட்டால் போதும்!

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "எத்தனை நாள் தங்குவீர்கள்?" என்று கேட்பது நம் பக்கத்தில் மரியாதை இல்லை. அந்த மரியாதையைக் காப்பாற்றப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் நான் குடியிருக்கும் மாடி வீட்டு வாசலில் என் அக்கா மகன் வந்து நின்றான். ஒரு கையில் பெட்டி. மறு கையில் துண்டு போட்டு மூடிய ஒரு கூண்டு.

"மாமா, புனாவில் வேலை கிடைச்சிருச்சு!"

"பேஷ், மாப்பிள்ளை! உள்ளே வா, அத்தையிடம் சொல்லு. இன்றைக்கு விருந்துதான்."

"அங்கே தங்குற இடத்தில பிராணி எதுவும் வச்சுக்கக் கூடாதாம். கொஞ்ச நாளைக்கு இவன் உங்ககிட்ட இருக்கட்டும், மாமா."

துண்டை எடுத்தான். காப்பித் தம்ளருடன் வந்த என் மனைவி அப்படியே இரண்டடி பின்னால் போனாள்.

"ஏங்க, உடும்புங்க!"

"உடும்பு இல்லை, அத்தை. இகுவானா. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கத்துப் பிராணி. இலைதான் தின்னும். பேரு பச்சையப்பன்."

பச்சையப்பன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். முதுகில் சீப்பை நட்டு வைத்தாற்போல முள் வரிசை. தாடைக்குக் கீழே தொங்கும் ஒரு பை. கன்னத்தில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு வட்டச் செதில். தலையிலிருந்து வால் நுனி வரை நாலரை அடி. அதில் பெரும்பகுதி வால்தான். வந்த விருந்தாளியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. என் பதினொரு வயதுப் பையனோ அதற்குள் கூண்டின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

மருமகன் அதை 2021-ல் சென்னையில் வாங்கியிருக்கிறான். அப்போது ஒரு சாண்தான் நீளமாம். நாய் என்றால் குலைக்கும், பூனை என்றால் பாலைக் குடிக்கும், இது கொம்பில் சும்மா உட்கார்ந்திருக்கும், அதனால் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்றான். "தொட்டி சின்னதா இருந்தா இதுவும் சின்னதாவே இருந்துக்கும்" என்று விற்றவர் சொன்னாராம்.

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி உலகத்தில் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். சின்னச் சட்டை போட்டதற்காகக் குழந்தை வளராமல் இருக்குமா? சின்னக் கூண்டில் வைத்தால் இதுவும் வளரத்தான் பார்க்கும். கோணலாக, நோயோடு வளரும். நன்றாக வளர்ந்த ஆண் இகுவானா ஐந்திலிருந்து ஆறு அடி வரும். சரியாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷம், இருபது வருஷம்கூட இருக்கும். கடையில் சாண் நீளத்தில் இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, தொட்டிலில் பார்த்துப் பெண் நிச்சயம் செய்கிற மாதிரிதான்.

ஒரு காரியத்தில் மட்டும் மருமகன் கெட்டிக்காரத்தனமாக நடந்திருந்தான். பதிவுக் காகிதம் வைத்திருந்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் ஒரு திருத்தம் வந்தது. 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகள் வந்தன. சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியை வைத்திருப்பவர்கள், இகுவானா உள்பட, 'பரிவேஷ்' என்ற மத்திய சர்க்கார் தளத்தில் பதிய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். பிராணி கை மாறினாலும், குட்டி பொரித்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். ஆகவே புனா வண்டி ஏறும் முன் மருமகன் என் ஆதார் அட்டையை வாங்கி, பச்சையப்பனை முறைப்படி என் பேருக்கு மாற்றுவதற்கான விவரங்களை அனுப்பிவிட்டான். சொத்து என்று என் பெயரில் இதுவரை எழுதப்பட்டது அது ஒன்றுதான்.

* * *

நான் எழுதும் அறையைத்தான் அவனுக்குக் கொடுத்தோம். வேறு அறை இல்லை. மூன்றாவது நாளே அவன் கூண்டுக்குள் இருக்கப் பிறந்தவன் இல்லை என்று தெரிந்துவிட்டது. திரைச்சீலையில் ஏறினான். அலமாரி உச்சியில் உட்கார்ந்தான். உயரம்தான் அவனுக்குப் பிரியம். காட்டில் மரத்தின் மேலேயே வாழ்கிற ஜாதி அது. தரையில் வைத்தால் அதற்குப் பயம். தலைக்கு மேலே வைத்தால் நிம்மதி. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஒரு நாள் மேலிருந்து கையை நீட்டப் போக, வாலால் ஒரு வீச்சு வீசினான். முழங்கையில் மூன்று நாள் தழும்பு இருந்தது. ஆபீஸில் எல்லோரும் என் மனைவியைப் பற்றித் தப்பாக நினைத்தார்கள்.

பையன்தான் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னான். இகுவானாவின் உச்சந்தலையில் வெளிறிய ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. அது மூன்றாவது கண். உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மாறுவது மட்டும் தெரியும். மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்து வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். "பக்கத்திலேருந்து கையைக் கொண்டுபோகணும்ப்பா" என்று பாடம் சொல்லிக் கொடுத்தான். நெற்றிக் கண்ணைத் திறந்தது யார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அடுத்து, தும்மல். பச்சையப்பன் அடிக்கடி தும்முவான். ஜன்னல் கண்ணாடியில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் பொட்டுகள். "சளி பிடிச்சிருக்கு, பாவம்" என்று என் மனைவி ஓமவல்லி இலையைத் தேடினாள். சளி இல்லை, உப்பு! உடம்பில் சேரும் உப்பை இந்த ஜீவன் மூக்கு வழியாகத் தும்மி வெளியேற்றுகிறது.

இப்படி வேடிக்கையாகவே மூன்று மாதம் போயிற்று. வேடிக்கையில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு.

மார்ச் கடைசியில் ஒரு நாள் பச்சையப்பன் அலமாரியிலிருந்து விழுந்தான். மறுநாள் ஏறவே இல்லை. கால் விரல்கள் நடுங்கின. பின்னங்காலை இழுத்துக்கொண்டு போனான். கீரையை வாயருகில் கொண்டுபோனால் கவ்வுவதற்குத் தெம்பு இல்லை. பையன் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஊர்வன ஜந்துக்களைப் பார்க்கும் கால்நடை டாக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் தாடையை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "வெயில் காட்டுறீங்களா?"

"தினமும் ஜன்னலோரத்தில்தான் டாக்டர் வைக்கிறோம். நல்ல வெயில்."

"ஜன்னல்லே கண்ணாடி இருக்கா?"

"இருக்கிறது."

"விளக்கு?"

"இரவு வரை எரிகிறது. மருமகன் வாங்கியது."

"எப்ப வாங்கினது?"

2021 என்றேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் சொன்னது இது: வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் தோலில் பட்டால்தான் இந்தப் பிராணி வைட்டமின் 'டி'யை உண்டாக்கிக்கொள்ளும். அந்த வைட்டமின் இருந்தால்தான் தின்கிற கீரையிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டும். ஒட்டாவிட்டால் ரத்தம் எலும்பிலிருந்து சுண்ணாம்பைத் திருடும். எலும்பு மெழுகு மாதிரி ஆகிவிடும். சாதாரண ஜன்னல் கண்ணாடி, வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். இதற்கு வேண்டிய அந்தக் கதிரை விடாது. இதற்கென்று விற்கும் விளக்கோ ஆறு மாதம், ஒரு வருஷத்தில் அந்தக் கதிரைத் தரும் சக்தியை இழந்துவிடும். ஆனாலும் எரிந்துகொண்டே இருக்கும்.

விளக்கு எரிந்தது, வேலை செய்யவில்லை. மூன்று மாதமாக அந்த வெளிச்சத்தில் நான் உட்கார்ந்து கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்தடி தள்ளி ஒரு ஜீவனின் எலும்பு கரைந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்காரன் நாலு பேரை விசாரிக்காமல் ஒரு வரி எழுதக் கூடாது என்பார்கள். என் வீட்டுக்குள் இருந்த உயிரைப் பற்றி நான் ஒருவரையும் விசாரிக்கவில்லை.

சுண்ணாம்புச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். முட்டை, இறைச்சி வாடையே கூடாது என்றார், சிறுநீரகம் கெட்டுவிடுமாம். "மருந்து பாதிதான். மீதி வெயில். உங்களுக்கு வாசல், தோட்டம் ஏதாவது உண்டா?"

மதுரை மாடி வீட்டில் வாசல் ஏது, தோட்டம் ஏது? அதோடு வீட்டுக்காரர் வேறு, "குடித்தனக்காரர் நாலு பேர்னு சொன்னீங்க, இப்போ அஞ்சு ஆயிருச்சு போல" என்று ஜாடையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அன்று ராத்திரி கொட்டாம்பட்டிக்குப் போன் போட்டேன்.

* * *

மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில், மேலூரைத் தாண்டி இருக்கிறது கொட்டாம்பட்டி. தென்னந்தோப்பும் கயிறு திரிப்பதுமாக இருக்கிற ஊர். அங்கேதான் என் தகப்பனார் இருக்கிறார். வயது எழுபத்துநாலு. அவருக்கு ஒரு சின்னத் தோப்பு உண்டு. அதைவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்க மாட்டார்.

கூண்டைத் திறந்து காட்டினேன். அப்பா குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"உடும்புன்னு யாரும் சொல்லிடப் போறாங்கப்பா. ஊருக்குள்ள முதல்ல நீயே சொல்லிடு, இது உடும்பு இல்லைன்னு."

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் உடும்பு வேட்டை என்பது நாய்களோடு போகிற ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கறி உடம்புக்குப் பலம் என்பார்கள். நாக்கை விழுங்கினால் இருமல் போகும் என்பார்கள். தோலுக்கும் கிராக்கி. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற புதுக்கோட்டையின் மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தாரே கஞ்சிரா, அதன் முகத்தில் கட்டியது உடும்புத் தோல்தான். அந்தக் காலம் மலை ஏறிவிட்டது. 1972-ல் வந்த சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் ஒரே வரிசையில் உடும்பு உட்கார்ந்திருக்கிறது. பிடிக்கக் கூடாது, வளர்க்கக் கூடாது, விற்கக் கூடாது, தோலையும் வைத்துக்கொள்ளக் கூடாது. மீறினால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை, ஏழு வருஷம் வரைகூடப் போகலாம், அபராதம் வேறு. பூஜை அறைக்கு அதிர்ஷ்ட வேர் என்று 'ஹத்தா ஜோடி'யை விற்கிறார்களே, அது வேர் இல்லை. கொன்ற உடும்பின் உறுப்பைக் காயவைத்தது. வாங்கி வைப்பவருக்கு அதிர்ஷ்டம் வருமோ என்னவோ, போலீஸ் வரும்.

அப்பா சொன்னபடியே ஆயிற்று. வந்த அன்றே ஒருவர் வேலியோரம் நின்று, "மாமா, உடும்பு என்ன விலைக்கு வரும்?" என்று ரகசியமாகக் கேட்டார். பதிவுக் காகிதத்தின் நகலை அப்பா அன்றிலிருந்து வேட்டி மடிப்பிலேயே வைத்திருக்கிறார்.

கூண்டு கட்டியது அவர்தான். நான் இணையத்தில் படித்த அளவுகளைச் சொன்னேன். அவர் தோப்பில் பார்த்த அனுபவத்தைச் சொன்னார். இரண்டும் சேர்ந்து உருவானது இது: பத்தடி நீளம், ஆறடி அகலம், எட்டடி உயரம். இந்தப் பிராணிக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம். அடியில் இரண்டடி செங்கல் சுவர். அதற்கு மேல் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை. பெரிய கண் வலையில் விரல் சிக்கி நகம் பிய்ந்துவிடும். மண்ணுக்குள்ளும் ஒன்றரை அடி வலை இறங்குகிறது, கீரியும் பெருச்சாளியும் குடைந்து வராமல் இருக்க. உள்ளே போக இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்கலாம். குறுக்கும் நெடுக்குமாகக் கை பருமனுள்ள கொய்யாக் கிளைகள். குளிப்பதற்கு அப்பத்தா காலத்துக் கல் தொட்டி. தண்ணீரைக் கண்டால் பச்சையப்பன் உள்ளே இறங்கி அங்கேயே அசுத்தமும் செய்வான். ஆகவே தினம் தொட்டியைக் கழுவ வேண்டும், கழுவிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதன் உடம்பில் இருக்கும் கிருமி மனிதர் வயிற்றைக் கெடுக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இதை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

கூரையில்தான் நான் கோட்டை விட்டேன். பாதி வெயில், பாதி நிழல் என்று படித்திருந்தேன். மேற்குப் பாதியைத் திறந்துவிட்டு, கிழக்குப் பாதிக்குக் கிடுகு வேயச் சொன்னேன். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். படித்த பிள்ளை சொல்கிறான் என்று விட்டுவிட்டார்.

ஏப்ரல் மாதம், மத்தியானம் மூன்று மணி. பையன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். பச்சையப்பன் வாயைப் பிளந்துகொண்டு கிளையில் தொங்கினான். உடம்பு வெளிறிப் போயிருந்தது. எங்கள் பக்கத்தில் கோடையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். வலைக் கம்பி பட்டாலே கை சுடும். வெயில் இல்லாமல் மதுரையில் ஒரு தடவை சாகப் பார்த்தவன், கொட்டாம்பட்டியில் வெயிலாலேயே சாக இருந்தான்.

அப்பா சாக்கை நனைத்து மேற்குப் பக்கம் முழுவதும் தொங்கவிட்டார். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் முதுகில் விட்டார். மூச்சு சீராக ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் என்னிடம் பேசினார்.

"காலை வெயில் மருந்து, மேற்கு வெயில் நெருப்பு. நாற்றங்கால் போடுறவனுக்குத் தெரியும்ப்பா இது."

மறுநாள் கூரையை மாற்றிப் போட்டோம். கிழக்கே திறப்பு, மேற்கே கிடுகு. அந்தப் பக்கம் ஒரு புங்க மரத்தின் நிழலும் விழுகிறது. காலை ஏழு மணிக்கே பச்சையப்பன் கிழக்குக் கிளைக்கு வந்து உடம்பைத் தட்டையாக்கி வெயில் காய்வான். சூடு ஏறினால் தானே நிழலுக்குப் போவான். உச்சிப் பொழுதில் கூண்டுக்குள் தண்ணீர் தெளிக்கிறோம்; காற்றில் ஈரம் இல்லாவிட்டால் அவனுக்குத் தோல் சரியாக உரியாது. சாப்பாட்டுக்கு முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், துருவிய பூசணி, பப்பாளி. வேலியில் உள்ள அரளியை வெட்டி எறிந்தோம், அது விஷம். அந்த வருஷம் ஐப்பசியில் டாக்டர் திரும்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்பு கெட்டிப்பட்டிருக்கு" என்றார். ஒரு பின்னங்கால் மட்டும் கொஞ்சம் கோணல். அது என் கணக்கில் எழுதப்பட்ட கோணல்.

மார்கழி ராத்திரிக் குளிருக்கு மரப்பெட்டி ஒன்று செய்து, வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் குமிழை அதற்குள் மாட்டி, தொட்டுவிடாதபடி வலையும் போட்டோம். ஆக, வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று கேட்டால், நம் ஊருக்கு என் பதில் இதுதான்: பகலுக்கு வெளி, குளிர் ராத்திரிக்குப் பெட்டி, நடுவில் எப்போதும் நிழல். வீட்டுக்குள் மட்டும்தான் இடம் என்றால், விளக்கின் வயதைக் கணக்கு வைக்கத் தெரியாதவர் இதை வாங்கவே கூடாது.

* * *

ஒரு நாள் சாயந்திரம் தோப்பின் மூலைப் புற்றுக்குப் பக்கத்தில் ஒரு நிஜமான உடும்பு தென்பட்டது. மண் நிறம். இரட்டை நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை ருசி பார்த்துக்கொண்டே கூண்டு வரை வந்தது. உள்ளே இருந்த பச்சை உறவினனைப் பார்த்தது. பச்சையப்பன் தாடைப் பையை விரித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினான். அது இவனைப் பொருட்படுத்தாமல் நடந்து போயிற்று.

"அய்யா, இதையும் வளர்க்கலாமா?" என்றான் பையன்.

"அதுக்குத்தான் வீடு இருக்கே! அந்தப் புற்றிலேதான் முட்டையும் இடும். எலி, நண்டு, நத்தை, பூச்சி எல்லாம் தின்னு தோப்பைக் காவல் காக்குது. கூலி கேட்குதா? கூண்டு வீடு இல்லாததுக்குத்தானே?"

அன்று ராத்திரி எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தினமும் தொட்டி கழுவி, கீரை நறுக்கி அப்பா இளைத்துப் போயிருந்தார். பச்சையப்பனும் இலைதானே தின்கிறான்? தோப்பில் திறந்துவிட்டால் என்ன?

பையனிடம் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அமெரிக்காவில் பிளாரிடா கதையை அவன்தான் சொன்னான். 1960-களிலேயே அங்கே காட்டில் தென்பட ஆரம்பித்துவிட்டது இகுவானா. வளர்த்தவர்கள் அலுத்துப்போய் விட்டதும், தப்பித்ததும் பெருகிப் பெருகி, வாய்க்கால் கரைகளைக் குடைந்து, தோட்டங்களைத் தின்று தீர்த்தது. 2020 ஜனவரியில் குளிர் தாக்கியபோது, மரத்திலிருந்து விறைத்த இகுவானாக்கள் தலையில் விழலாம் என்று வானிலை ஆபீஸே எச்சரிக்கை விட்டது. 2021-ல் அந்த மாநிலம் புதிதாக வளர்ப்பதையே தடுத்துவிட்டது. போர்ட்டோ ரிக்கோவிலும் தைவானிலும் இதே தொல்லை. எங்கள் மேலூர் வட்டத்தில்தான் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்கள். எறும்புதின்னியும் தேவாங்கும் வாழ்கிற அந்த மண்ணுக்குப் பக்கத்தில் நானா இதைத் திறந்துவிடுவது? அப்படியே விட்டாலும் நாலு நாளில் உடும்பு என்று யாராவது அடித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள்.

இந்தப் பொங்கலுக்கு மருமகன் புனாவிலிருந்து வந்தான். பச்சையப்பனைப் பார்த்துக் கண் கலங்கினான். "என் சிநேகிதன் ஒருத்தன் ஒண்ணு வாங்கணும்னு சொல்றான், மாமா. என்ன சொல்லட்டும்?" என்று கேட்டான்.

"முதலில் எட்டடி உயரக் கூண்டைக் கட்டச் சொல்லு. அதில் கீரை நறுக்கி வைத்து, தண்ணீர் மாற்றி, மூன்று மாதம் காலிக் கூண்டை வளர்க்கச் சொல்லு. அலுக்கவில்லை என்றால் காகிதம் உள்ள இடத்தில் வாங்கட்டும். வாங்குவதற்கு முன் தாடை உறுதியாக இருக்கிறதா, விரல் நடுங்குகிறதா, வாலின் அடி சதைப்பற்றாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். குட்டியாக வாங்காமல், வளர்த்து அலுத்தவரிடமிருந்து பெரியதாக வாங்கினால் இன்னும் புண்ணியம். அவனுக்கும் அளவு தெரிந்துவிடும்."

எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு எழுபத்தஞ்சு ஆகப்போகுது. இது இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் இருக்கும்னு சொல்றீங்க. எனக்கு அப்புறம் இதை யாருப்பா பார்ப்பா?"

ஒருவரும் பேசவில்லை. மருமகன் தரையைப் பார்த்தான். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்ற பழமொழியை எத்தனை தடவை வேடிக்கையாக எழுதியிருப்பேன்! அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் தலைகீழாகப் புரிந்தது. உடும்பு நம் கையை விட்டுவிடும்; அதற்குப் போக இடம் இருக்கிறது. பச்சையப்பனுக்கு அந்தக் கம்பி வலைக்கு வெளியே உலகத்தில் ஒரு இடமும் இல்லை. அவன் பிடித்திருப்பது எங்கள் கையை மட்டும்தான்.

"நான் பார்த்துக்கிறேன் அய்யா" என்றான் பையன்.

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பதினொன்று முடிந்து பன்னிரண்டு நடக்கிறது. பிறகு எழுந்து போய் அரிவாள்மனையும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

"காம்பைக் கிள்ளிட்டு நறுக்கணும். வா, காட்டுறேன்."

இப்போது சனிக்கிழமை தவறாமல் நாங்கள் கொட்டாம்பட்டி பஸ் ஏறுகிறோம்.